எலும்புக்கூடு: ஓர் ஆங்கிலச் சொல்லும் அதன் தமிழ் வழக்குகளும்

2025 கோடையில் நண்பர் ஒருவர் தாம் தமிழாக்கிய கட்டுரை ஒன்றைப் பார்த்துத் தரும்படி அனுப்பியிருந்தார். விடுமுறை நாளொன்றில் வைத்தியசாலை ஒன்று எப்படி இயங்கியது என்று சொல்லும் இடத்தில் ஒரு வரி: "அன்றிரவு எலும்புக்கூட்டுப் பணியாளர்களே கடமையில் இருந்தனர்." வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். ஆங்கில மூலத்தில் இருந்தது 'ஸ்கெலிற்றன் ஸ்ராஃப்'. சிரித்து முடித்த பிறகு, நானாக இருந்தால் எப்படி எழுதியிருப்பேன் என்று யோசித்தேன். சட்டென்று விடை வரவில்லை.

அதே நாட்களில் யாழ்ப்பாணத்திலிருந்து வேறு செய்திகள் வந்துகொண்டிருந்தன. செம்மணியில் 'மனித என்புத் தொகுதிகள்' மேலும் சில வெளிவந்தன என்று தமிழ்ப் பத்திரிகைகள் எழுதின. அந்தச் செய்தியின் ஆங்கில வடிவத்திலும் இதே ஸ்கெலிற்றன்தான். ஓரிடத்தில் ஆட்குறைவைச் சொல்லும் சொல், இன்னோரிடத்தில் ஒருகாலம் பெயரோடு நடமாடிய மனிதரைச் சொல்கிறது. ஆங்கிலத்துக்கு இரண்டுக்கும் ஒரு சொல் போதும். தமிழில் அப்படி எழுதினால் முதலாவது சிரிப்பாகிவிடுகிறது; இரண்டாவது சரியாக எண்ணப்படாமல் போய்விடுகிறது. ஆகவே இந்தச் சொல் எங்கிருந்து வந்தது, எவ்வெப் பொருளில் வழங்குகிறது, அவ்வப் பொருளுக்குத் தமிழில் என்ன இருக்கிறது என்று ஒருமுறை ஒழுங்காகப் பார்த்துவிடலாம் என்று தோன்றியது.

1. சொல் வந்த வழி

ஸ்கெலிற்றன் கிரேக்கச் சொல். 'ஸ்கெலெடோஸ்' என்றால் 'உலர்ந்தது, வற்றிப்போனது'. 'ஸ்கெலெடோன் ஸோமா' என்றால் வற்றிய உடல்; அதாவது கருவாடுபோல் காய்ந்துபோன பிணம். எலும்பு என்ற பொருள் சொல்லுக்குள்ளே கிடையாது. எலும்புக்குக் கிரேக்கத்தில் 'ஒஸ்டெயோன்' என்ற தனிச்சொல் உண்டு. மருத்துவர்கள் சொல்லும் 'ஒஸ்டியோ' என்ற முன்னொட்டு அதிலிருந்து வந்தது. உறுப்புகள் இறுகிப்போவதைக் குறிக்கும் 'ஸ்கிளரோசிஸ்' என்ற நோய்ப்பெயரோ ஸ்கெலிற்றனுக்கு உறவுமுறை. உலர்ந்தது இறுகும் என்பதுதான் அந்த உறவு.

16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இலத்தீன் வழியாக இச்சொல் ஆங்கிலத்துக்கு வந்தது. ஐரோப்பாவில் உடற்கூற்றியல் புதிதாக எழுந்த காலம் அது. 1543இல் வெசாலியஸ் மனித உடலின் அமைப்பைப் பற்றிய தமது பெருநூலை பாசல் நகரில் அச்சிட்டார். அதே ஆண்டு அதே நகரில், மரண தண்டனைக்குள்ளான ஒருவரின் எலும்புகளை ஒன்றோடொன்று பொருத்தி நிறுத்திக் காட்டினார். அது இன்றும் அங்குள்ள உடற்கூற்றியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. காய்ந்த பிணத்துக்கு இருந்த பெயர், இப்படிப் பொருத்தி நிறுத்திய எலும்புகளுக்குப் பெயராக நிலைத்தது.

இந்த வேரை மறக்காமல் வைத்திருந்தால் ஆங்கில வழக்குகள் பெரும்பாலும் தாமே விளங்கிவிடும். எல்லாம் போன பிறகு எஞ்சி நிற்பது எதுவோ அதுவே ஸ்கெலிற்றன்.

2. உடலுக்குள்

உயிரோடு இருப்பவரின் உடலில் எலும்பு உலர்ந்த பொருள் இல்லை. அதற்குள் இரத்தம் ஓடுகிறது, நரம்பு இருக்கிறது. இரத்த அணுக்கள் உருவாவதே எலும்பு மச்சையில்தான். பழைய எலும்பு கரைவதும் புது எலும்பு படிவதும் வாழ்நாள் முழுவதும் நடக்கின்றன. வளர்ந்த ஒருவரின் எலும்புகள் ஏறத்தாழப் பத்தாண்டில் புதிதாகிவிடும் என்பது பொதுக்கணக்கு. பிறக்கும் குழந்தைக்குச் சுமார் 300 எலும்புகள். அவற்றுட் பல வளர வளர ஒன்றோடொன்று இணைந்துவிடுவதால் வளர்ந்தவருக்கு 206. இவற்றில் மண்டையோடு, முதுகெலும்பு, நெஞ்சுக்கூடு ஆகியவற்றைச் சேர்ந்தவை 80. கைகால்களையும் அவற்றை உடலோடு இணைக்கும் வளையங்களையும் சேர்ந்தவை 126.

இந்த எண்களை மனப்பாடம் செய்த பாடப்புத்தகத்தில் நாங்கள் படித்த சொல் 'வன்கூடு'. இலங்கையில் தமிழ்வழி விஞ்ஞானம் படித்தவர்கள் அத்தனை பேருக்கும் இது தெரியும்: அச்சு வன்கூடு, தூக்க வன்கூடு, புறவன்கூடு, அகவன்கூடு. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் இதுவே 'சட்டகம்': அச்சுச் சட்டகம், இணையுறுப்புச் சட்டகம், புறச்சட்டகம். ஒரே நண்டின் ஓடு பாக்கு நீரிணையின் ஒரு கரையில் புறவன்கூடு, மறுகரையில் புறச்சட்டகம். புலம்பெயர்ந்த நாடுகளில் தமிழ் கற்பிக்கும் ஆசிரியர்கள் இரண்டையும் தெரிந்து வைத்திருப்பது நல்லது. வகுப்பில் இரு கரைப் பிள்ளைகளும் இருப்பார்கள்.

வன்கூடு என்பதில் 'வன்மை' இருக்கிறது. மேலே சொன்ன கிரேக்க வேரின் 'இறுகியது' என்ற சாயலோடு அது எதிர்பாராமல் பொருந்துகிறது. ஆனால் அதில் ஒரு சங்கடமும் உண்டு. மண்புழுவுக்கு எலும்பு இல்லை. உடலுக்குள் நிறைந்திருக்கும் பாய்பொருளின் அழுத்தமே அதற்குத் தாங்கு. இதையும் ஆங்கிலம் ஒருவகை ஸ்கெலிற்றன் என்கிறது. எங்கள் பாடநூல் 'நீர்நிலையியல் வன்கூடு' என்றது. நீரில் என்ன வன்மை என்று அப்போது யாரும் கேட்கவில்லை. இந்த இடத்தில் 'சட்டகம்' இடறாமல் நிற்கிறது.

3. தமிழ் எதைப் பார்த்தது?

பேச்சில் எல்லாரும் அறிந்த சொல் 'எலும்புக்கூடு'. 'கூடு' என்றால் என்ன என்று நின்று பார்த்தால் இந்தச் சொல் கிரேக்கத்துக்கு நேரெதிர்த் திசையில் நிற்பது தெரியும். குருவிக்குக் கூடு, கிளிக்குக் கூடு, தேனீக்குக் கூடு. உள்ளே ஓர் உயிர் இருக்கும் இடத்தையே கூடு என்கிறோம். சித்தர் கதைகளில் கூடு விட்டுக் கூடு பாய்வார்கள். திருக்குறளின் நிலையாமை அதிகாரத்தில் (338) உடம்புக்கும் உயிருக்கும் உள்ள உறவு, குடம்பைக்கும் அதை விட்டுப் பறக்கும் பறவைக்கும் உள்ள உறவாகச் சொல்லப்படுகிறது. கிரேக்கர் எஞ்சியதைப் பார்த்துப் பெயரிட்டார்கள். நம்மவர்கள் அதற்குள் இருந்ததை நினைத்துப் பெயரிட்டார்கள்.

எலும்பின் பழைய வடிவம் 'என்பு'. அன்புடைமை அதிகாரத்தின் பத்துக் குறள்களில் நான்கில் (72, 73, 77, 80) இச்சொல் வருகிறது. 'அன்பு', 'என்பு' என்ற எதுகைப் பொருத்தத்துக்கு மேலும் அங்கே ஒன்று இருக்கிறது. அன்பு இல்லாத உடம்பை உயிருள்ளதாகவே வள்ளுவர் எண்ணவில்லை. தோல் மூடிய வெறும் எலும்பு என்று முடித்துவிடுகிறார். அன்பு இருப்பவரோ தம் எலும்பையும் பிறருக்கென்று வைத்திருப்பவர். ஆங்கிலச் சொல்லின் 'வற்றியது' என்ற பொருளுக்குத் தமிழில் மிக அருகில் வருவது 80ஆவது குறள்தான். ஆனால் அங்கே வற்றிப்போனது உடம்பு இல்லை.

இன்னொரு சொல் 'யாக்கை'. யாத்தல் என்றால் கட்டுதல். எலும்பும் நரம்பும் தசையுமாகக் கட்டப்பட்டது யாக்கை. இதே வேரில் பிறந்ததுதான் 'யாப்பு'. பாட்டின் எலும்பமைப்பு எது என்று ஒரு மாணவர் கேட்டால், தமிழ் அதற்கு இரண்டாயிரம் ஆண்டுகளாக விடை வைத்திருக்கிறது: உயிருக்கு யாக்கை, பாட்டுக்கு யாப்பு.

வடமொழி வழி வந்தது 'கங்காளம்'. அகராதிகள் இதற்கு முழு எலும்புக்கூடு என்றே பொருள் தருகின்றன. சிவனுக்குக் கங்காளன் என்று பெயர். திருமாலின் வாயில் காவலன் விஷ்வக்சேனனின் எலும்புடலைச் சூலத்தில் தாங்கிய கோலம் கங்காளமூர்த்தி. ஆனால் இன்று எழுதும்போது கவனம் வேண்டும். தமிழ்நாட்டில் கல்யாணச் சமையலில் 'கங்காளம் கொண்டு வா' என்றால் பெரிய பித்தளைப் பாத்திரம் வரும்.

'அஸ்தி' என்பதையும் இங்கே சேர்க்க வேண்டும். பலர் அதைச் சாம்பல் என்று நினைத்திருக்கிறார்கள். வடமொழியில் அஸ்தி என்றால் எலும்பு. யாழ்ப்பாணத்தில் எரித்த பிறகு காடாற்றும்போது எஞ்சிய எலும்புகளைப் பொறுக்கி எடுத்து, பாலூற்றி, கீரிமலைக் கடலில் கரைப்பார்கள். ஆக, எரிக்கும் வழக்கமுள்ள குடும்பங்களில் முறைப்படி போனவருக்கு எலும்புக்கூடு கிடையாது. அவருடைய எலும்பு தண்ணீரில் இருக்கிறது. இந்த வழக்கத்தை மனதில் வைத்திருங்கள். கட்டுரையின் இறுதியில் இதற்குத் திரும்ப வேண்டியிருக்கும்.

மருத்துவத் தமிழ் பற்றிப் பேசும்போது வைத்தியர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீனைத் தாண்டிப் போக முடியாது. மொன்றியலிலிருந்து எல்லை தாண்டித் தெற்கே ஒரு பகல் கார்ப் பயணத் தூரத்திலுள்ள வூஸ்டரில் 1822இல் பிறந்தவர். 1847இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தவர். கிறேயின் உடற்கூற்றியல் நூலை 'மனுஷ அங்காதிபாதம்' என்ற பெயரில் 1872இல் தமிழில் வெளியிட்டார். உடலின் ஒவ்வோர் எலும்புக்கும் ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே தமிழில் பெயர் வைக்க வேண்டியிருந்தவர்கள் அவரும் அவருடைய மாணவர்களும். 'இதையெல்லாம் தமிழில் சொல்ல முடியுமா' என்று இன்று கேட்பவர்களுக்கு இந்த ஆண்டு ஒன்றே போதும்.

4. கட்டடமும் நிரலும்

உடலை விட்டு வெளியே வந்தால், ஸ்கெலிற்றனின் முதல் உருவகப் பொருள் 'தாங்கி நிற்கும் அமைப்பு'. உயர்ந்த கட்டடத்தின் இரும்புத் தூண்களும் விட்டங்களும் அதன் ஸ்கெலிற்றன். பிரெஞ்சில் இதற்கு 'ஒசத்யூர்' என்பார்கள். 'ஒஸ்' என்றால் எலும்பு. ஆக அங்கேயும் எலும்புதான். தமிழில் 'எலும்புக்கூடு' என்றால் கட்டடம் பாழடைந்துவிட்டது என்றே தோன்றும். 'சட்டகம்' அல்லது 'கட்டுமானச் சட்டம்' என்பதே சரி.

ஆனால் எலும்புக்கூடு என்றே சொல்லத்தக்க ஒரு கட்டடம் எங்கள் ஊரில் இருக்கிறது. மஞ்சள் தடத்தில் மெட்ரோ ஏறி ஜோன் திராப்போ நிலையத்தில் இறங்கினால் மரங்களுக்கு மேலே தெரியும் பெரிய இரும்புக் கோளம், பயோஸ்ஃபியர். 1967 உலகக் கண்காட்சியில் அமெரிக்காவின் கூடமாக பக்மின்ஸ்ரர் ஃபுல்லர் வடிவமைத்தது. விட்டம் 76 மீற்றர், உயரம் 62 மீற்றர். அப்போது அதற்குத் தோல் இருந்தது. ஒளி ஊடுருவும் அக்ரிலிக் தகடுகள் கோளம் முழுவதையும் மூடியிருந்தன. 1976 மே 20ஆம் திகதி திருத்த வேலையின்போது தீப்பற்றி அந்தத் தோல் முழுவதும் எரிந்து போயிற்று. இரும்பு அப்படியே நின்றது. பல ஆண்டு மூடிக் கிடந்து, 1995இல் சுற்றுச்சூழல் அருங்காட்சியகமாகத் திறந்தது. தோலைத் திரும்பப் போடவில்லை. குளிர்காலத்தில் அதன் கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் முக்கோணங்களுக்கூடாக வானம் தெரியும். பனி நேரே முகத்தில் விழும். வற்றியபின் எஞ்சியது, தாங்கி நிற்பது என்ற இரண்டு பொருளும் ஒரே இடத்தில் பொருந்தும் கட்டடம் இது.

மென்பொருள் துறையில் இச்சொல்லை நாள்தோறும் கேட்கிறோம். செயல் எதுவும் எழுதப்படாமல், வகுப்புகளின் பெயரும் செயற்கூறுகளின் தலைப்பும் மட்டும் உள்ள நிரல், 'ஸ்கெலிற்றன் கோட்'. பேராசிரியர்கள் பயிற்சிக்குத் தருவது இதைத்தான். 'நிரல் சட்டகம்' என்று சொல்லலாம். இணையப் பக்கம் முழுவதும் வந்து சேருமுன் படத்துக்கும் எழுத்துக்கும் பதிலாகச் சாம்பல் நிறக் கட்டங்கள் தெரியுமே, அது 'ஸ்கெலிற்றன் ஸ்கிறீன்'. 2013இல் லூக் ரொப்ளெவ்ஸ்கி வைத்த பெயர். இதற்கு 'முன்சட்டகம்' பொருந்தும் என்று நினைக்கிறேன். அங்கே எதுவும் எஞ்சவில்லை, எல்லாம் இனித்தான் வரவேண்டும்.

இதைவிட அழகான பயன்பாடு உருப்பட ஆய்வில் உண்டு. கையெழுத்தில் உள்ள 'அ'வைக் கணினி அறிய வேண்டும். பேனாவின் தடிப்பு ஆளுக்கு ஆள் மாறும். ஆகவே தடிப்பை நீக்கி நடுக்கோட்டை மட்டும் எடுக்க வேண்டும்; அந்த நடுக்கோடு எழுத்தின் ஸ்கெலிற்றன். ஹாரி புளும் 1967இல் இதற்குச் சொன்ன விளக்கம் யாருக்கும் புரியும். எழுத்தின் கறுப்புப் பகுதியைக் காய்ந்த புல்வெளி என்று எண்ணிக்கொள்ளுங்கள். விளிம்பு முழுவதும் ஒரே கணத்தில் தீ வைத்தால் தீ உள்ளே பரவும். எதிரெதிரே வரும் தீ சந்தித்து அணையும் இடங்களைச் சேர்த்தால் வரும் கோடே அது. இதற்குத் தமிழில் 'நடுக்கோடு' என்றாலே போதும். எலும்பும் வேண்டாம், கூடும் வேண்டாம்.

எழுத்தாளர்கள் சொல்லும் கதையின் ஸ்கெலிற்றன், 'கதைச் சட்டகம்'. இதைக் 'கதைக்கரு' என்று மாற்றக் கூடாது. கரு வளரப்போவது, சட்டகம் தாங்கப்போவது.

5. குறைவு என்ற பொருள்

இரண்டாவது உருவகப் பொருள் 'இதற்குக் கீழே குறைக்க முடியாது என்ற அளவு'. நண்பர் இடறியது இங்கேதான். ஸ்கெலிற்றன் ஸ்ராஃப் என்றால் வேலை நின்றுபோகாமல் இருக்கத் தேவையான மிகக் குறைந்த ஆட்கள். கொரோனா பரவிய 2020இல் இந்தச் சொல் ஊடகங்களில் நிறையவே அடிபட்டது. தமிழில் உருவகத்தைக் கைவிட்டு, 'அத்தியாவசியப் பணியாளர்கள் மட்டும்' என்றோ, இன்னும் எளிமையாக 'கை விட்டு எண்ணக்கூடிய சிலரே' என்றோ எழுதிவிடலாம். பிரெஞ்சுக்காரரும் இங்கே எலும்பை விட்டுவிட்டு 'குறைத்த குழு' என்றுதான் சொல்கிறார்கள்.

'ஸ்கெலிற்றன் கீ' இதே வகை. பழைய பூட்டுகளில் உள்ளே தடுப்புத் தகடுகள் இருக்கும். திறப்பின் பல்லில் அவற்றுக்கு ஏற்ற வெட்டுகள் இருக்கும். பல்லை அராவி, தேவையான நுனியை மட்டும் விட்டால், அது பல பூட்டுகளைத் திறக்கும். திருடன் கையில் இருந்தால் கள்ளத் திறப்பு. விடுதிக் காப்பாளர் கையில் இருந்தால் பொதுத் திறப்பு. சொல்லைத் தேர்வதற்குமுன் யார் கையில் என்று பார்க்க வேண்டும்.

கனடாவில் இருப்பவர்களுக்கு இன்னொன்றும் தெரிந்திருக்கும். பனிப்பாதையில் குப்புறப் படுத்து, தலை முன்னே போகச் சறுக்கும் விளையாட்டுக்கும் ஸ்கெலிற்றன் என்றே பெயர். வெறும் இரும்புச் சட்டமாக இருந்த சறுக்குவண்டியைப் பார்த்து வந்த பெயர் என்று பொதுவாகச் சொல்வார்கள். வண்டியைக் குறிக்கும் நோர்வேச் சொல்லின் திரிபு என்று சொல்வாரும் உண்டு. 1928, 1948 குளிர்கால ஒலிம்பிக்குகளில் இடம்பெற்று, 2002 முதல் தொடர்ந்து நடக்கிறது. 2006இல் டஃப் கிப்சனும் 2010இல் வான்கூவரில் ஜோன் மொன்ற்கொமரியும் கனடாவுக்குத் தங்கம் வென்றார்கள். இது பெயர்ச்சொல், மொழிபெயர்க்க வேண்டாம். 'எலும்புக்கூட்டில் தங்கம்' என்ற தலைப்பை யாரும் மன்னிக்க மாட்டார்கள்.

6. அலுமாரிக்குள் இருப்பது

ஆங்கிலத்தில் மிகப் புழங்கும் மரபுத்தொடர், 'அலுமாரிக்குள் எலும்புக்கூடு'. வெளியே தெரிந்தால் வெட்கம் என்று குடும்பம் மறைத்து வைத்திருக்கும் செய்தி. 19ஆம் நூற்றாண்டில் பரவியது. நாவலாசிரியர் தக்கரே அதைப் பரப்பியவர்களில் முக்கியமானவர். பிரெஞ்சில் அதே அலுமாரிக்குள் 'பிணம்' இருக்கிறது. ஆங்கிலேயர் வீட்டில் விடயம் இன்னும் பழையது போலும். 'எல்லாக் குடும்பத்திலும் ஒன்று உண்டு' என்ற தொனியில் வந்தால் 'வீட்டுக்கு வீடு வாசற்படி' என்பதே போதும். குறிப்பிட்ட ஒரு செய்தியைச் சொன்னால் 'மூடி மறைத்த கதை' என்று நேரே எழுதலாம்.

'விருந்தில் எலும்புக்கூடு' என்பது இன்னொரு தொடர். எகிப்தியச் செல்வர் விருந்து முடிவில் மரத்தால் செய்த பிண உருவத்தைச் சுற்றிக் காட்டி, 'நீயும் ஒருநாள் இப்படித்தான்; இருக்கும்வரை மகிழ்ந்திரு' என்பார்களாம்; ஹெரோடோட்டஸ் எழுதியிருக்கிறார். மகிழ்ச்சியான இடத்தில் துயரத்தை நினைவூட்டுபவரை இப்படிச் சொல்வார்கள். நம்முடைய 'சிவபூசையில் கரடி' பாதிதான் பொருந்தும். கரடி குழப்பும், சாவை நினைவூட்டாது.

அலுமாரிக்குத் திரும்புவோம். தக்கரே பிறந்தது 1811இல், கல்கத்தாவில். அந்த நகரம் பின்னாளில் உலகத்தின் மருத்துவக் கல்லூரிகளுக்கு எலும்புக்கூடு அனுப்பும் தலைநகராக ஆயிற்று. ஆற்றங்கரையிலும் இடுகாட்டிலும் கிடைத்த உடல்களைச் சுத்தம் செய்து, வெளிறவைத்து, கம்பியால் கோத்து, மண்டையோட்டில் கொக்கி மாட்டி அனுப்பினார்கள். ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் தலைமுறை தலைமுறையாக மருத்துவ மாணவர்கள் தொட்டுப் படித்த எலும்புகளிற் பெரும்பகுதி இந்தியாவிலிருந்து போனவை. குழந்தைகளின் எலும்புக்கூடுகளும் ஏற்றுமதியாவது தெரிய வந்ததும் எதிர்ப்பு எழுந்து, 1985இல் இந்திய அரசு மனித எலும்பு ஏற்றுமதியைத் தடைசெய்தது. அதற்குப் பின்னும் கள்ளமாக நடந்ததைப் பத்திரிகையாளர் ஸ்கொற் கார்னி 2007இல் எழுதினார். வகுப்பறை மூலையில் தொங்கிய அதற்கு 'மாதிரி' என்று பெயர். யாருடைய பிள்ளை என்று அங்கே யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

7. உருவகமாக முடியாத இடம்

இனிச் செம்மணி. 1996 செப்டெம்பரில் பாடசாலை மாணவி கிருசாந்தி குமாரசுவாமி செம்மணிச் சோதனைச் சாவடியில் பிடிக்கப்பட்டுக் கொலைசெய்யப்பட்டார். அவரைத் தேடிப்போன தாயும் தம்பியும் அயலவரும் கொல்லப்பட்டனர். 1998இல் அவ்வழக்கில் தண்டனை பெற்ற இராணுவச் சிப்பாய் சோமரத்ன ராஜபக்ச, அப்பகுதியில் 300 முதல் 400 வரையான உடல்கள் புதைக்கப்பட்டிருப்பதாக நீதிமன்றத்தில் சொன்னார். 1999இல் தோண்டியபோது 15 பேரின் எச்சங்கள் கிடைத்தன. பிறகு நீண்ட மௌனம். 2025 பெப்ரவரியில் அதே பகுதியிலுள்ள சித்துப்பாத்தி இந்து மயானத்தில் தகனமேடை கட்டுவதற்காக நிலத்தை வெட்டியபோது மனித எலும்புகள் வெளிவந்தன. நீதிமன்ற மேற்பார்வையில் அகழ்வு நடந்தது. செப்டெம்பர் தொடக்கத்துக்குள் 240 என்புத் தொகுதிகள் அடையாளம் காணப்பட்டிருந்தன. குழந்தைகளுடையவையும் அவற்றுள் இருந்தன. ஒரு நீலப் புத்தகப்பையும் ஒரு விளையாட்டுப் பொம்மையும் மண்ணுக்குள் இருந்து வந்தன.

இங்கேதான் சொல் முக்கியமாகிறது. ஈழத்துப் பத்திரிகைகள் 'எலும்புகள்' என்று எழுதாமல் 'என்புத் தொகுதி' என்று எழுதியதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு தொகுதி என்றால் ஓர் ஆள். பத்து எலும்பு என்பது பத்துப் பேராகவும் இருக்கலாம், ஒருவராகவும் இருக்கலாம். எலும்புகள் கலந்து கிடந்தால் தடயவியலாளர் ஒரே எலும்பை எடுத்து எண்ணுவார்கள். இடது தொடையெலும்பு ஏழு இருந்தால் குறைந்தது ஏழு பேர். இடுப்பெலும்பைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்வார்கள்; பல்லையும் எலும்பு முனைகள் இணைந்த நிலையையும் பார்த்து வயதைச் சொல்வார்கள்; தொடையெலும்பை அளந்து உயரத்தைச் சொல்வார்கள். இத்தனையும் சொல்லும் ஒன்றை 'எலும்புகள் மீட்பு' என்று இரண்டு சொல்லில் எழுதினால், எண்ணிக்கையும் ஆளும் சேர்ந்தே காணாமல் போய்விடும். மொழிபெயர்ப்பவர்கள் தொகுதியா, தனி எலும்பா, துண்டா என்று மூலத்தைப் பார்த்து எழுத வேண்டும்.

முன்பு காடாற்றுதலைச் சொன்னேன். எரித்துக் கடலில் கரைக்கும் ஒரு சமூகத்தில், அதுவும் தகனம் செய்யும் ஒரு மயானத்தில், மண்ணுக்குள் முழு எலும்புக்கூடு ஒன்று கிடந்தால் நெஞ்சு திடுக்கிடுகிறது. பாலூற்ற யாராவது இருந்தார்களா என்ற கேள்வி முதலில் வருகிறது. அவர்கள் யார், எந்த ஆண்டு, எப்படி அங்கே வந்தார்கள் என்பதை ஆய்வும் நீதிமன்றமும் சொல்லட்டும். அதுவரை அவர்களை எப்படிக் குறிப்பிடுவது என்பது எழுதுபவர் கையில் இருக்கிறது.

8. தொகுத்துச் சொன்னால்

- உடலில், பொதுப் பேச்சில்: எலும்புக்கூடு.
- பாடநூலில்: வன்கூடு (இலங்கை), சட்டகம் (தமிழ்நாடு).
- தடயவியல், அகழ்வுச் செய்தி: என்புத் தொகுதி, தனித்தனியாக இருந்தால் எலும்பு, எலும்புத் துண்டு.
- கட்டடம், நிரல், கதை, அறிக்கை: சட்டகம்.
- உருப்பட ஆய்வு: நடுக்கோடு.
- குறைந்த ஆட்கள், குறைந்த சேவை: உருவகம் இல்லாமல் நேரே சொல்வது.
- மறைத்த குடும்பச் செய்தி: மூடி மறைத்த கதை, வீட்டுக்கு வீடு வாசற்படி.
- மெலிந்த ஆளைச் சொல்ல: எலும்பும் தோலும்.
- சைவ மரபில்: கங்காளம்.

நண்பரின் வரியை 'அன்றிரவு கடமையில் இருந்தவர்கள் ஒருசிலரே' என்று மாற்றி அனுப்பினேன். 'இவ்வளவுதானா?' என்று கேட்டார். இவ்வளவுதான்.

கீழடிக்குப் பக்கத்திலுள்ள கொந்தகையில் முதுமக்கள் தாழிகளிலிருந்து எடுத்த இரண்டு மண்டையோடுகளுக்கு, லிவர்பூல் ஜோன் மூர்ஸ் பல்கலைக்கழகத்தில் கணினி வழியாக முகம் அமைத்து 2025இல் காட்டினார்கள். ஏறத்தாழ 2500 ஆண்டுகளுக்கு முற்பட்டவர்கள் என்று கருதப்படுபவர்கள் அவர்கள். படத்தைப் பார்த்த என் அம்மா, 'எங்கடை ஊர் ஆக்கள் மாதிரியே இருக்கினம்' என்றா. பிறகு சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, 'செம்மணியிலை எடுத்த ஆக்களுக்கும் இப்பிடிச் செய்வினமோ?' என்று கேட்டா.

அம்மா 'எலும்புக்கூடு' என்று சொல்லவில்லை, 'ஆக்கள்' என்றா. இத்தனை சொற்களையும் வரிசைப்படுத்திய பிறகு, அந்த ஓரிடத்துக்கு அதைவிடச் சரியான சொல் எனக்குக் கிடைக்கவில்லை.